ரெசினுக்கும் குளிரும்

அக்கா மகன் கோவையில் இன்ஜினியரிங் படிக்கிறான். மூன்று மீட்டர் இறக்கை உள்ள ரிமோட் கிளைடர் ஒன்றைத் தானே செய்து, தீபாவளி விடுமுறைக்குக் கோத்தகிரிக்குத் தூக்கிக்கொண்டு வந்தான். எங்கள் வீட்டுக்குக் கீழே தேயிலைச் சரிவு. சரிவில் மோதி மேலேறும் காற்றைப் பிடித்துக்கொண்டு, இன்ஜினே இல்லாத அந்தக் கிளைடர் இருபது நிமிடம் மிதந்தது. அப்புறம் பள்ளத்தாக்கிலிருந்து மூடுபனி ஏறியது. கிளைடர் எங்கே என்று அவன் தேடுவதற்குள், சில்வர் ஓக் மரத்தில் மோதிய சத்தம்தான் கேட்டது.

இடது இறக்கையின் முனையிலிருந்து ஒரு முழம் உள்ளே, மேல்தோல் உடைந்து ஃபோம் தெரிந்தது. உள்ளே போகும் கார்பன் தண்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. "மாமா, நீங்க இருக்கீங்களே" என்றான். இருபத்திரண்டு வருடம் பெங்களூரில் ஒரு விமானப் பழுதுபார்ப்புக் கூடத்தில் கலப்புப் பொருள் பிரிவில் வேலை பார்த்தவன் நான். இறக்கை முனை, இன்ஜின் மூடி, கதவு, சக்கர மூடி என்று எத்தனையோ ஒட்டியிருக்கிறேன். இது ஒரு பொம்மை. சனி, ஞாயிறு இரண்டு நாளில் முடித்துவிடலாம் என்று சொன்னேன். பொங்கல் முடிந்துதான் முடிந்தது. அந்த இரண்டரை மாதத்தில் கற்றதை எழுதி வைக்கிறேன். மலையில் உட்கார்ந்து எபாக்ஸி கலக்கும் யாருக்காவது உதவும்.

விமானம் என்றாலே அலுமினியம்தான் என்று ஊரில் பலர் நினைக்கிறார்கள். போயிங் 787இன் எடையில் பாதி கலப்புப் பொருள். நம் தேஜஸ் போர் விமானத்தில் சுமார் 45 சதவீதம். பெங்களூர் என்.ஏ.எல். ஆய்வகம் வடிவமைத்த ஹன்சா பயிற்சி விமானத்தின் உடலே கண்ணாடி இழைதான். துணியும் ரெசின் என்ற பிசினும் சேர்ந்து இறுகிய தோல் அது. இதில் துணி ஆலையிலிருந்து தயாராக வந்துவிடும். ரெசினைத்தான் நாம் செய்கிறோம், ஒரு கப்பில், ஒரு குச்சியை வைத்துக்கொண்டு. பழுதுபார்ப்பில் முக்கால்வாசித் தவறு அந்தக் கப்பில்தான் நடக்கும் என்பது என் அனுபவம்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் எபாக்ஸி ரெசின் என்றால் எனக்குப் பெவிகால் மாதிரி ஒரு பசை, அவ்வளவுதான். தண்ணீர்த் தொட்டி, படகு செய்யும் எஃப்.ஆர்.பி. (கண்ணாடி இழை பிளாஸ்டிக்) பட்டறையிலிருந்து வந்த நண்பன் ஒருவன் கூட வேலை பார்த்தான். அங்கே பாலியெஸ்டர் ரெசினில் கேட்டலிஸ்ட் நூற்றுக்கு ஒன்று, இரண்டு என்று ஊற்றுவார்கள். குளிர்ந்தால் கொஞ்சம் கூட்டுவார்கள், வெயில் என்றால் குறைப்பார்கள். அதே பழக்கத்தில் ஒரு மழை நாளில் எபாக்ஸியிலும் "சீக்கிரம் இறுகட்டும்" என்று, ரெசினை இறுக வைக்கும் ஹார்டனரைக் கூடுதலாக விட்டான். மறுநாள் காலை அது இறுகியிருந்தது, ஆனால் நகத்தால் அழுத்தினால் பள்ளம் விழுந்தது. சூப்பர்வைசர் திட்டவில்லை. ஒரு தாளை எடுத்து விளக்கினார். பாலியெஸ்டரில் கேட்டலிஸ்ட் அடுப்பைப் பற்ற வைக்கும் தீக்குச்சி. எபாக்ஸியில் ஹார்டனர் அப்படி இல்லை, அரிசிக்கு உளுந்து மாதிரி. ரெசினின் ஒவ்வொரு கையையும் ஹார்டனரின் ஒரு கை பிடித்தாக வேண்டும். உளுந்து கூடினால் தோசை சீக்கிரம் வேகாது, வேறு தோசையாகிவிடும். பிடிக்க ஆளில்லாமல் மிஞ்சிய ஹார்டனர் உள்ளேயே நின்று, வெயில் பட்டதும் அந்த இடத்தை இளக வைக்கும்.

வேகம் வேண்டுமென்றால் வேகமான ஹார்டனரை வாங்க வேண்டும், இல்லையென்றால் வெப்பத்தைக் கூட்ட வேண்டும். விகிதத்தில் மட்டும் கை வைக்கக் கூடாது.

மருமகன் கொண்டுவந்திருந்தது எல்.ஒய். 5052 ரெசின், அதற்கேற்ற 5052 ஹார்டனர். எடையில் நூற்றுக்கு 38. அவன் கையில் இரண்டு ஊசிக் குழாய்கள். நூறு மில்லி ரெசின், 38 மில்லி ஹார்டனர் என்று அளக்கப் போனவனைத் தடுத்தேன். அந்த 38 எடைக் கணக்கு. ரெசின் தண்ணீரைவிடக் கனம், மில்லிக்கு 1.17 கிராம் வரும். ஹார்டனர் தண்ணீரைவிட லேசு, 0.94தான். கொள்ளளவில் அளந்தால் நூற்றுக்கு 47 விட வேண்டும். 38 மில்லி விட்டிருந்தால் ஹார்டனர் ஐந்தில் ஒரு பங்கு குறைந்திருக்கும். தாளில் இரண்டு விகிதமும் பக்கத்துப் பக்கத்தில்தான் அச்சடித்திருக்கும். அவசரத்தில் ஒன்றைப் படித்து மற்றதைச் செய்துவிடுவோம். நான் எப்போதும் எடைதான்.

எங்கள் கொட்டகை ஒரு காலத்தில் கொழுந்து நிறுத்த இடம். கொக்கித் தராசு இன்னும் உத்தரத்தில் தொங்குகிறது. அதைக் காட்டி "இதுல நிறுக்கலாமா மாமா" என்று சிரித்தான். நகைக்கடையில் வைத்திருப்பது போல 0.1 கிராம் காட்டும் சின்ன டிஜிட்டல் தராசு ஒன்று போதும், சில நூறு ரூபாய்தான். வாங்கியதும் சரிபார்க்க வேண்டும். பத்து ரூபாய் நாணயம் ஒன்று சுமார் 7.7 கிராம். ஒன்று, ஐந்து, பத்து என்று நாணயங்களை ஏற்றிப் பார்த்தால் தராசு நேராகக் கூட்டுகிறதா என்பது தெரிந்துவிடும். மேசை ஆடக் கூடாது, ஜன்னல் காற்று தட்டில் படக் கூடாது. முக்கியமாக, கலக்கும் அளவுக்கு ஏற்ற தராசு வேண்டும். ஊரில் எளிதாகக் கிடைக்கும் எல்.ஒய். 556, எச்.ஒய். 951 ஜோடியின் விகிதம் நூற்றுக்குச் சுமார் பத்து. இருபது கிராம் ரெசினுக்கு ஹார்டனர் இரண்டே கிராம். ஒரு கிராமுக்குக் கீழே காட்டாத சமையலறைத் தராசில் அதை நிறுத்தால், பாதியும் விழலாம், ஒன்றரை மடங்கும் விழலாம்.

எவ்வளவு கலக்க வேண்டும் என்பதற்கு ஒரு கணக்கு உண்டு. கையால் ஒட்டும்போது துணியின் எடையும் ரெசினின் எடையும் ஏறக்குறைய சமமாக இருந்தால் நல்ல ஒட்டு. அன்று வெட்டிய ஐந்து அடுக்குத் துணியையும் தராசில் வைத்தேன், 33 கிராம் வந்தது. துணிக்கு 33, அடியில் பூச, பிரஷ்ஷில் நிற்க, கப்பில் ஒட்டி வீணாக என்று எல்லாம் சேர்த்து 60 கிராம் கலவை. அதை 1.38ஆல் வகுத்தால் ரெசின் 43.5 கிராம், மீதி 16.5 ஹார்டனர். முதலில் ரெசின். தேன் மாதிரி கெட்டியாக விழுவதால் கடைசிச் சொட்டை நிறுத்துவது கஷ்டம். 43.5 என்று நினைத்தால் 44.1இல் போய் நிற்கும். நிற்கட்டும், மேலே வந்ததைத் துடைக்கப் போக வேண்டாம். 44.1க்கு ஹார்டனர் 16.8 என்று திருப்பிக் கணக்குப் போட்டுக் கப்பின் மேலேயே எழுதிவிட வேண்டும். அப்புறம் தராசைப் பூஜ்யமாக்கி ஹார்டனரைச் சொட்டு சொட்டாக விட வேண்டும். அது கை தவறி 17.2 ஆகிவிட்டால் ரெசினை ஒரு கிராம் கூட்ட வேண்டும். வெளியே அள்ளிக் கொட்டக் கூடாது, அள்ளும் கரண்டியில் எது எவ்வளவு போகும் என்று யாருக்குத் தெரியும்?

கப்புக்கு ஒரு சின்னப் பாடு பட்டோம். பெங்களூரில் மெழுகில்லாத காகிதக் கப் பெட்டி பெட்டியாக இருக்கும். நீலகிரியில் பிளாஸ்டிக் கப்புக்கும், உள்ளே பிளாஸ்டிக் பூசிய டீக் கப்புக்கும் தடை. பர்லியாறு செக்போஸ்ட்டில் பையைத் திறந்து பார்ப்பார்கள். நல்ல தடைதான், நான் குறை சொல்லவில்லை. மெழுகு பூசிய கப் எப்படியும் ஆகாது, மெழுகு ரெசினில் கலந்தால் ஒட்டு பிடிக்காது. கடைசியில் நான்கு எவர்சில்வர் டம்ளர்களை ஒதுக்கி, அசிட்டோனால் துடைத்துக்கொண்டோம். எவர்சில்வரில் ஒரு வசதி, அடியும் சுவரும் சேரும் மூலை வளைவாக இருக்கும். கலக்காத ரெசின் மூலையில் ஒளியாது. கலக்குவது என்றால் சர்க்கரை கலக்குவது போலச் சுற்றுவது இல்லை. முனை தட்டையான குச்சியால் சுவரை வழித்து, அடியை வழித்து, குச்சியையே வழித்து, மூன்று நான்கு நிமிடம். முதலில் கோடு கோடாகப் புகை மாதிரி தெரியும். அது மறைந்து ஒரே தெளிவானதும் பாதிப்பேர் நிறுத்திவிடுவார்கள். அதற்குப் பிறகும் ஒரு நிமிடம் கலக்க வேண்டும். அப்புறம் எல்லாவற்றையும் இரண்டாவது டம்ளருக்கு மாற்றி, புதுக் குச்சியால் இன்னொரு நிமிடம். முதல் டம்ளரின் சுவரில் அரைகுறையாக நின்றதை அதோடு விட்டுவிட வேண்டும், வழித்து ஊற்றக் கூடாது. மைக்ரோபலூன், பஞ்சு, சிலிக்கா மாதிரி எதையாவது சேர்த்துக் கெட்டியாக்குவதென்றால் இதெல்லாம் முடிந்த பிறகுதான். பொடியை முதலில் போட்டால் ரெசின் கலந்ததா இல்லையா என்று கண்ணுக்குத் தெரியாது. அந்தப் பொடி மூச்சில் போனால் நல்லதில்லை, மாஸ்க் கட்டாயம்.

கலந்ததை டம்ளரிலேயே வைத்துக்கொண்டிருக்கவும் கூடாது. இதற்கு நான் கொடுத்த விலை ஒரு சித்திரை மாதம். பெங்களூரில் 35 டிகிரி வெயில், வேகமான ஹார்டனர், ஒரு பயிற்சி விமானத்தின் இறக்கை முனை. இரண்டு முறை கலக்கச் சோம்பல்பட்டு ஒரே கப்பில் 400 கிராம் கலந்தேன். ஃபோன் அடித்தது, ஐந்து நிமிடம் பேசினேன். திரும்பி வந்தபோது கப்பிலிருந்து மஞ்சளாகப் புகை. எபாக்ஸி இறுகும்போது சூட்டைக் கக்கும், அந்தச் சூடு அதை இன்னும் வேகமாக இறுக்கும். பத்து டிகிரி கூடினால் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பு. ஆழமான கப்பில் சூடு வெளியே போக வழியில்லை. சூப்பர்வைசர் அதை இடுக்கியால் தூக்கி வெளியே மணலில் வைத்துவிட்டு வந்து கேட்டார்: "டீ சூடா இருந்தா என்ன பண்ணுவ? டபராவுல ஊத்துவ இல்ல?" அன்று முதல் கலந்ததும் அகலத் தட்டில் மெல்லியதாகப் பரப்பிவிடுவேன். ஒரு தடவைக்கு நூறு கிராமுக்கு மேல் கலப்பதில்லை.

இது வெயில் ஊர்ப் பாடம். மலையில் எனக்கு எதிராக நின்றது குளிர்.

கார்த்திகை முதல் சனிக்கிழமை. கோத்தகிரிக்கு வடகிழக்கு மழைதான் பெரிய மழை, அந்த வாரம் நாலு நாள் வெயிலே இல்லை. கொட்டகைக்குள் 14 டிகிரி. எந்த எபாக்ஸி ஆனாலும் அந்தக் குளிரில் கெட்டிப்பட்டுத் துணிக்குள் இறங்காது, இறுகுவதும் மெதுவாகத்தான். சூடு வேண்டும். கரி போட்டுக் கணப்பு மூட்டலாம் என்றேன். மனைவி விடவில்லை. "ஏங்க, கணப்புப் புகையில ரூமுக்குள்ளயே செத்துப் போறாங்கன்னு வருஷா வருஷம் பேப்பர்ல வருது, நீங்க வேற" என்றாள். அது சரிதான். உடனே எனக்குப் பெரிய புத்திசாலித்தனம் தோன்றியது. சமையலறையிலிருந்து ஒற்றை கேஸ் அடுப்பையும் சின்ன சிலிண்டரையும் கொண்டுவந்து கொட்டகையில் வைத்தேன். புகையில்லை, கரியில்லை, நீலமான சுத்தத் தீ. ஒரு மணி நேரத்தில் 24 டிகிரி. தெர்மாமீட்டரைப் பார்த்துத் திருப்தியாகத் தலையாட்டினேன். வராந்தாவில் இருந்த இறக்கையைக் கொண்டுவந்து, கலந்து, ஐந்து அடுக்கையும் ஒட்டினோம். மேலே போட்டு, இறுகிய பிறகு உரித்து எடுக்க வேண்டிய பீல் பிளை துணி தீர்ந்திருந்தது. பரவாயில்லை என்று விட்டுவிட்டேன்.

மறுநாள் காலை ஒட்டின் மேல் மெழுகு பூசியது போல ஒரு வழுவழுப்பு. விரலால் தடவினால் விரல் வழுக்கியது. உப்புத்தாளால் தேய்த்தால் தாள் அடைத்துக்கொண்டது. ஒரு ரூபாய் நாணயத்தால் தட்டிப் பார்த்தேன். பெரிய விமானத்திலும் இதே நாணயச் சோதனைதான், நல்ல இடத்தில் கணீரென்றும், உள்ளே பிரிந்திருந்தால் மொத்தென்றும் கேட்கும். ஒரு மூலையில் மொத்தென்றது. உளியை நுழைத்தேன். வாழைப்பட்டை உரிவது போல அடுக்கு முழுசாக எழுந்து வந்தது. அடியில் பழைய தோல் பளிச்சென்று, ஒரு கீறல்கூட இல்லாமல் இருந்தது. நல்ல ஒட்டாக இருந்தால் பிய்க்கும்போது துணி கிழிந்து நார் நாராக வரும். இப்படிச் சுத்தமாக வந்தால், அது ஒட்டவே இல்லை என்று பொருள்.

மருமகன் என்னைப் பார்க்கவில்லை. அதுவே போதும் எனக்கு.

என்ன நடந்தது என்று அன்று மாலை உட்கார்ந்து யோசித்தேன். ஒரு கிலோ சமையல் கேஸ் எரிந்தால் ஒன்றரை கிலோவுக்கு மேல் தண்ணீர் ஆவியாக வரும், கூடவே சுமார் மூன்று கிலோ கரியமில வாயு. இரண்டும் மூடிய கொட்டகைக்குள்தான் நின்றன. எபாக்ஸியின் ஹார்டனர் அமீன் வகை. ஈரமும் கரியமில வாயுவும் சேர்ந்து கிடைத்தால் ரெசினை விட்டு அவற்றோடு போய்ச் சேர்ந்துகொள்ளும், மேலே அந்த வழுவழுப்புப் படலமாக வந்து நிற்கும். பட்டறையில் இதை 'பிளஷ்' என்போம். பெங்களூரில் ஏசி அறையில் வருடத்துக்கு ஒருமுறை பார்த்திருந்தால் அதிகம். இங்கே நானே அதற்கு அடுப்பு வைத்துச் சமைத்திருக்கிறேன்.

அடி விட்டுப்போனதற்குக் காரணம் வேறு. ஈரப்பதம் காட்டும் கருவி ஒன்றை வாங்கி, அடுத்த வாரம் அதே போல அடுப்பை மூட்டிப் பார்த்தோம். காற்று 24 டிகிரி, ஈரப்பதம் 80 சதவீதம். அந்தக் காற்று 20 டிகிரிக்குக் குறைவான எதைத் தொட்டாலும் அங்கே பனித்துளி இறங்கும். வராந்தாவிலிருந்து வந்த இறக்கை 15 டிகிரியில் இருந்திருக்கும். குளிரிலிருந்து டீக்கடைக்குள் நுழைந்ததும் மூக்குக்கண்ணாடி மங்குமே, அதுதான் இறக்கையிலும் நடந்தது. கண்ணாடியில் தெரிந்தது, வெள்ளை இறக்கையில் தெரியவில்லை. அந்த ஈரத்தின் மேல்தான் ரெசினைப் பூசியிருக்கிறேன். நான் காற்றைச் சூடாக்கினேன், பொருளைச் சூடாக்கவில்லை.

வெறும் பிளஷ் மட்டும் என்றால் பயப்பட வேண்டாம். அது தண்ணீரில் கரையும். வெந்நீரும் பாத்திரம் தேய்க்கும் பச்சை நாரும் போட்டுக் கழுவி, நன்றாக உலர்த்தி, அதற்குப் பிறகு உப்புத்தாள். தின்னரால் துடைத்தால் சரியாகப் போகாது, கழுவாமல் தேய்த்தால் உள்ளேதான் இறங்கும். பீல் பிளை போட்டிருந்தால் உரிக்கும்போது அதோடு பெரும்பாலும் போயிருக்கும். நூறு ரூபாய்த் துணிக்குச் சோம்பல்பட்டதை நினைத்து இன்னும் எரிச்சல் வருகிறது.

அப்புறம் நிதானமாக ஆரம்பித்தோம். பிளைவுட்டில் ஒரு பெட்டி, உள்ளே தெர்மோகோல், இரண்டு 60 வாட் குண்டு பல்பு, கோழிக்குஞ்சு பொரிக்கும் இன்குபேட்டருக்கு விற்கிற தெர்மோஸ்டாட். பல்பு காற்றில் ஒரு சொட்டு ஈரத்தைக்கூடச் சேர்க்காது. வேலைக்கு முதல் நாள் இரவே ரெசின், ஹார்டனர், துணி எல்லாம் அந்தப் பெட்டிக்குள் 25 டிகிரியில். இறக்கையின் உடைந்த பகுதிக்கு மேல் துணிப்பந்தல் மாதிரி ஒன்று கட்டி, அதற்குள் ஒரு பல்பு. டின்னைச் சூடு ஏறும்வரை திறக்கக் கூடாது. குளிர்ந்த டின்னைத் திறந்தால் அறையின் ஈரம் ரெசினுக்குள்ளேயே இறங்கும்.

டின்னைப் பற்றி இன்னும் இரண்டு விஷயம். மேட்டுப்பாளையத்தில் வாங்கி மேலே கொண்டுவந்த டின், சிப்ஸ் பாக்கெட் உப்புவது போல உப்பியிருக்கும். ஹார்டனர் மூடியை வேகமாகத் திருகினால் முகத்தில் தெறிக்கும். துணியால் போர்த்தி மெல்லத் திறக்க வேண்டும், கண்ணாடி போட்டுக்கொண்டு. இன்னொன்று, ரெசின் குளிரில் உறையும். மலைக்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம், மார்கழியில் தேங்காய் எண்ணெய்ப் பாட்டிலைத் தலைகீழாகக் கவிழ்த்தாலும் வராதே. எங்களிடம் இருந்த 556 ரெசின் டின்னின் அடியில் சர்க்கரைப் பாகு பூத்தது போல வெள்ளையாக ஒரு படிவு இருந்தது. கெட்டுப்போனதாக நினைத்து மருமகன் எறியப் போனான். மூடியை இறுக்கி, 50, 60 டிகிரி வெந்நீரில் நிறுத்தி, ஒரு குருணைகூட இல்லாமல் தெளியும்வரை வைத்தால் பழையபடி ஆகிவிடும். மேலே தெளிந்ததை மட்டும் ஊற்றி எடுக்காதீர்கள், ஒரு குருணைகூட மிஞ்சினால் திரும்ப உறைய அது விதையாகிவிடும். தெளிந்த பிறகு அறைச் சூட்டுக்கு ஆறவிட்டுத்தான் கலக்க வேண்டும். அவன் சூட்டோடு கலந்தான். ஆறு நிமிடத்தில் டம்ளருக்குள் குச்சி நட்டுக்கொண்டு நின்றது. அந்த டம்ளர் இன்னும் கொட்டகையில் பேனா ஸ்டாண்டாக இருக்கிறது.

வேக்வம் பம்ப் என்னை ஒரு மணி நேரம் அலைக்கழித்தது. ஒட்டின் மேல் பையைப் போட்டு காற்றை உறிஞ்சினால் அறையின் காற்றழுத்தமே அடுக்குகளை அமுக்கும். பெங்களூரில் மானி 26 அங்குலம் வரை போகும். இங்கே 23க்கு மேல் ஏறவே இல்லை. பை எங்கோ ஓட்டை என்று காதை வைத்து, சோப்பு நுரை தடவி, ஓரத்து டேப்பை எல்லாம் மறுபடி அழுத்தினேன். அப்புறம்தான் உறைத்தது. கடல் மட்டத்தில் காற்றழுத்தம் 30 அங்குலம் பாதரசத்துக்குக் கொஞ்சம் குறைவு. 1,800 மீட்டரில் மொத்தமே சுமார் 24தான். இல்லாத காற்றை எங்கிருந்து உறிஞ்சுவது? ஊட்டி போனால் 23ஐத் தாண்டாது. விமானக் கையேடுகளில் குறைந்தது 22 என்று கேட்பது சகஜம். இங்கே சின்ன ஓட்டைகூட இருக்க இடமில்லை.

இரண்டாம் தடவை ஒட்டியது மார்கழியில். ஓரத்தைச் சரிவாகத் தேய்த்து, இறக்கையைத் தொட்டுப் பார்த்து, கருவியில் ஈரப்பதம் 55 என்று பார்த்த பிறகே ஹார்டனர் மூடியைத் திறந்தேன். மிஞ்சிய கலவையை அதே டம்ளரில் தேதி, நேரம், எடை, வெப்பம், ஈரப்பதம் எழுதி இறக்கையின் பக்கத்திலேயே வைத்தோம். அது சாட்சி. இறக்கையில் நகம் வைக்க முடியாது, டம்ளரில் வைக்கலாம். பெங்களூரில் இதோடு ரெசினின் பேட்ச் எண், காலாவதித் தேதி, இரண்டு பேர் கையெழுத்து எல்லாம் இருக்கும். ஆள் ஏறும் விமானத்தில் எந்த ரெசின், எத்தனை அடுக்கு, எத்தனை டிகிரி என்பதைக் கையேடுதான் சொல்லும். அங்கே பல்புப் பெட்டிக்கெல்லாம் இடமில்லை. நான் இங்கே எழுதுவது ஆளில்லாத பொம்மைக்கு மட்டும், தயவுசெய்து அதற்கு மேல் கொண்டுபோகாதீர்கள்.

ஒரு நாள் அப்படியே விட்டு, அப்புறம் பெட்டிக்குள் 50 டிகிரியில் 15 மணி நேரம். இந்தக் கடைசிச் சூடு இல்லாவிட்டால் இறுகியது போலத் தெரியும், நல்ல வெயிலில் இளகும். பெரிய கிளைடர்கள் எல்லாம் ஏன் வெள்ளையாகவே இருக்கின்றன என்று மருமகன் ஒருமுறை கேட்டான். இதனால்தான், வேறு நிறமென்றால் வெயிலில் தோல் சூடேறி ரெசின் தளரும்.

கிளவுஸைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் மனசு ஒப்பாது. எங்கள் பட்டறையில் ஒருவர் ஆறு வருடம் வெறும் கையோடு வேலை பார்த்தார். ரெசின் பட்டால் அசிட்டோனில் கழுவிக்கொள்வார். ஒரு நாள் மணிக்கட்டில் சிவப்புத் தடிப்பு, பிறகு முழங்கை, பிறகு கண் இமை. டாக்டர் ஒவ்வாமை என்றார். எபாக்ஸிக்கு உடம்பு ஒருமுறை திரும்பிவிட்டால் பிறகு பழைய நிலைக்கு வராது. டின்னைத் திறந்த அறைக்குள் நுழைந்தாலே அவருக்கு அரிக்கும். வேலையை விட்டார். நைட்ரைல் கிளவுஸ் போடுங்கள். கையில் பட்டுவிட்டால் துடைத்து, சோப்பும் தண்ணீரும். அசிட்டோன் தோலுக்குள் அதைக் கரைத்து அனுப்பிவிடும்.

தை மூன்றாம் தேதி நாணயத்தால் தட்டிப் பார்த்தோம். முனையிலிருந்து அடிவரை ஒரே கணீர். சாட்சி டம்ளரில் இறுகியிருந்த கட்டியைச் சுத்தியலால் உடைத்தோம், கண்ணாடி மாதிரி உடைந்தது. கிளைடர் அந்த வாரமே பறந்தது, சில்வர் ஓக்குகளுக்கு ரொம்ப மேலே.

பல்புப் பெட்டி இப்போது சும்மாதான் கிடக்கிறது. பாதி உறைந்த தேங்காய் எண்ணெய்ப் பாட்டிலை அதற்குள் வைத்துக்கொள்ளலாமா என்று மனைவி கேட்டாள். ஒட்டும் இடத்தில் எண்ணெய் வாடையே கூடாது, ஒரு சொட்டு சிந்தினால் அடுத்த ஒட்டு போச்சு என்று பெரிதாக விளக்கினேன். அவள் முழுதும் கேட்டுவிட்டு, "என் அடுப்பை மட்டும் கொட்டகைக்குத் தூக்கிட்டுப் போகலாமா?" என்றாள். மிச்சமிருந்த பிளைவுட்டில் அவளுக்கு ஒரு தனிப்பெட்டி செய்துகொண்டிருக்கிறேன்.